எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு கீறல்

பிள்ளைகளா, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் பரணிலிருந்து அந்த எலெக்ட்ரிக் கிட்டாரை இறக்கித் துடைத்தீர்கள். அதன் உடம்பில் இரண்டு திருகுகள் இருக்கின்றன. ஒன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. இன்னொன்று சத்தத்தைக் கனமாக்கவோ கூர்மையாக்கவோ. அந்த இரண்டாவது திருகைச் சுற்றி ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டிருக்கும், எண் ஏற ஏறச் சத்தம் கூர்மையாகும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஆணியால் இழுத்த மாதிரி ஒரு கீறல் இருப்பதைச் சின்னவன்தான் கண்டுபிடித்தான். "யாருப்பா கீறினது?" என்றான். "எங்கேயாவது உரசியிருக்கும்" என்றேன்.

அது பொய். கீறியது நான். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்.

அந்தக் கிட்டாரில் பாதிதான் என்னுடையது. மறு பாதிக்காரர் பெயரை எழுதப்போவதில்லை. இது அவருடைய காதைப் பற்றிய விஷயம். அதை ஊர் அறியாமல் வைத்துக்கொள்ள அவர் ஒரு காலத்தில் பட்ட பாடு எனக்குத் தெரியும். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்பேன். அவர் என்னை 'வே' போட்டுப் பேசுவார். நூல் மில்லில் ஃபிட்டர். நான் அப்போதும் இதே தீப்பெட்டி லேபிள் அச்சாபீசில்தான் இருந்தேன். கோயில் கொடைத் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும்போது எல்லோரும் பாடுகிறவர் முகத்தைப் பார்ப்பார்கள், நாங்கள் இரண்டு பேரும் கிட்டார்க்காரன் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அப்படித்தான் பழக்கம். ஒரு கச்சேரிக் குழு கலைந்தபோது அவர்களுடைய கிட்டாரையும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியையும் சேர்ந்து வாங்கினோம். ஒரு வாரம் அவர் வீட்டில், ஒரு வாரம் நம் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் கைமாறும். முறையாக வாசிக்க இரண்டு பேருக்குமே தெரியாது. பாட்டுகளின் இடையில் வருகிற கிட்டார்த் துணுக்குகளை மட்டும் மாதக்கணக்கில் தேய்ப்போம்.

ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. மில்லில் ஷிஃப்ட் முடிந்து வந்து அங்கேதான் வண்டிகளுக்கு என்ஜின் மாற்றுவார். பெட்ரோல் விலைக்குப் பயந்து பழைய பெட்ரோல் வண்டியை வாங்கி அதில் டீசல் என்ஜினை மாட்டிக்கொள்வது அப்போது வழக்கம். ஒரு வண்டியின் என்ஜினை இன்னொரு வண்டியில் வைப்பது லேசான வேலை இல்லை. தாங்கிகளை வெட்டி ஒட்ட வேண்டும், கியர் பெட்டியோடு பொருத்த வேண்டும், பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டை நீளம் குறைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார். கடைசியில் என்ஜினைக் கிளப்பிக் காது கொடுத்துக் கேட்பாரே, அதற்குத்தான் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் செருப்பைக் கழற்றுவார். வலது கையைத் தூக்குவார். அந்தக் கை தூக்கியிருக்கும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது. ஒருமுறை வண்டிக்காரர் ஒருவர் டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டார். "கிளாஸ் சத்தத்தையும் சேத்து மாட்டணுமா வண்டியில?" என்று கேட்டார். பிறகு கண்ணை மூடி, நாக்கு நுனியை உதட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரே ஒரு திருகை அரைக்கால் சுற்றுச் சுற்றுவார். என்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்துகொள்ளும். கையை இறக்குவார். அவ்வளவுதான்.

"என்ஜின் வேகம் பாக்க ஒரு மீட்டர் வாங்கி வச்சுக்கிட்டா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"மீட்டரு செத்துப்போனா ஊசி அங்கனயே நிக்கும் வே. நமக்குத் தெரியாது. காது செத்தா நமக்குத் தெரியாமலா போவும்?"

இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பதிலும் அவருக்கு ஒரு தனி வழி இருந்தது. எங்களிடம் சுருதிப் பெட்டி கிடையாது. ஆம்ப்ளிஃபையரில் வயரைச் செருகிக் கம்பியைத் தொடாமல் விட்டால் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வரும். அது கரண்ட்டின் உறுமல். தடித்த கம்பியை மூன்றாவது கட்டத்தில் அழுத்தி மீட்டி அந்த உறுமலோடு சேர்ப்பார். மற்ற ஐந்து கம்பிகளையும் அதிலிருந்து பிடித்துவிடுவார். என்ஜின் மெதுவாக ஓடுகிற வேகத்தையும் அதே தடித்த கம்பியைக் கேட்டுத்தான் வைப்பார். "கரண்டும் என்ஜினும் பங்காளி வே" என்பார். வெயில் காலத்தில் சாயங்காலம் எல்லா ஊர் பம்புசெட்டும் ஓடும்போது உறுமல் லேசாகத் தாழும். "சுருதி எறங்கிட்டு. பல்பைப் பாரும்" என்பார். பார்த்தால் பல்பு மங்கியிருக்கும்.

இதனால் ஒருமுறை மானம் போயிற்று. ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கிராமத்துக் கொடையில் கச்சேரிக் குழுவின் கிட்டார்க்காரனுக்குக் காய்ச்சல். எங்களைக் கூப்பிட்டார்கள். வீட்டு உறுமலுக்குச் சுருதி சேர்த்து எடுத்துக்கொண்டு போனோம். மேடையில் முதல் பாட்டிலேயே கீபோர்டு ஒரு பக்கம், எங்கள் கிட்டார் ஒரு பக்கம். கீபோர்டு வாசிக்கிற பையன் எங்களை முறைத்தான். இவர் என் பக்கம் குனிந்து, "கீபோர்டுக்காரன் தப்பா வச்சிருக்கான் வே" என்றார். பாட்டு முடிந்ததும் இறங்கி இருட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் பந்தலில் இருந்த விளக்குகள் எல்லாம் மங்கி நடுங்கின. ஜெனரேட்டர் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார். அதன் உறுமல் வீட்டு உறுமலைவிட உசரமாக இருந்ததாம். கொடை நடத்துகிறவர்கள் கம்போடு ஓடிவந்தார்கள்.

"ஏலே யாருலே அது, சாமி ஆடுற நேரத்துல லைட்ட அமத்துதது?"

கீபோர்டு பையன் மைக்கிலேயே சொன்னான், "அண்ணாச்சி, ஜெனரேட்டரைத் திருவுனா கீபோர்டு எறங்காது, நானே எறக்குதேன், மேல வாங்க." ஊரே சிரித்தது. அவன் ஒரு பொத்தானை அமுக்கிக் கீபோர்டை எங்கள் சுருதிக்கு இறக்கினான். அதன் பிறகு கச்சேரி நன்றாகவே நடந்தது. பஸ்ஸில் திரும்பும்போது இவர் திருப்தியாகச் சொன்னார்: "கடைசியில யாரு எறங்கினா? அவன்தானெ?"

நானும் சிரித்தேன். அவர் காதைக் கேலி பண்ணுகிற உரிமை எனக்கு இருந்தது. ஆனால் அந்தக் காதுக்கு நான் கடன்பட்டவனும்கூட. அது ஒரு சித்திரை மாதம். கரிசல் மண் வெயிலில் பிளந்து கிடக்கும், தெரியும் அல்லவா? கொட்டகைத் தரையும் பிளந்திருந்தது. மூன்று மரக்கால் நட்டு, நடுவில் செயின் போட்டு ஒரு என்ஜினைத் தூக்கியிருந்தோம். நான் குனிந்து, தொங்குகிற என்ஜினை வண்டிக்குள் திருப்பிக்கொண்டிருந்தேன். ரேடியோ வேறு பாடிக்கொண்டிருந்தது. திடீரென்று அவர் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நான் மல்லாக்க விழுந்தேன். அடுத்த நொடி ஒரு மரக்கால் வெடிப்புக்குள் இறங்கியது, முழு என்ஜினும் என் கால் இருந்த இடத்தில் விழுந்தது. தரை அதிர்ந்தது.

"மரக்காலு மொனங்குச்சு வே. கேக்கலையா?" என்றார். எனக்கு எதுவுமே கேட்கவில்லை. என் இரண்டு காலிலும் நான் நிற்கிறேன் என்றால் அது அவர் காதால்.

அப்படிப்பட்டவரிடம் போய், அண்ணாச்சி, உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

முதலில் திருகுதான் சொன்னது. எனக்கு அந்தத் திருகு ஐந்தில் இருந்தால் போதும். அவருக்கும் ஐந்துதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டார் வந்தபோது ஆறில் இருந்தது. கை பட்டிருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். சில மாதம் கழித்து ஏழு. மீட்டினால் தகரத்தைக் கீறின மாதிரி இருந்தது. உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து, "பல்லு கூசுது, அதக் கொஞ்சம் அமத்துங்க" என்றாள். நான் ஐந்துக்குத் திருப்பிவைத்துக்கொண்டேன். அடுத்த முறை வந்தபோது எட்டு.

கல்யாணத்துக்கு உங்கள் தாத்தா எனக்கு ஒரு டிஜிட்டல் வாட்ச் போட்டார். மணிக்கு மணி 'கீக் கீக்' என்று மெல்லிசாகக் கத்தும். முன்பெல்லாம் அது கத்தினால் அவருக்கு ஆகாது. "அதைக் கழத்தி வெளிய வையும், சுருதியைக் கெடுக்குது" என்பார். ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் கிட்டார்மேல் குனிந்திருந்தபோது அது கத்தியது. அவர் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் என் மணிக்கட்டு. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தார். நூல் மில்லின் இரைச்சலில் பத்துப் பதினைந்து வருஷம் நின்றவர்களுக்கு முதலில் மெல்லிய கூர்மையான சத்தங்கள்தான் போகும் என்று பின்னாளில் ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அவருக்குக் கேட்கவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தால் எல்லாமே தெரிந்தது. பேசும்போது நம் வாயையே பார்ப்பார். பின்னாலிருந்து உங்கள் அம்மா "காப்பி ஆறுதுண்ணே" என்றால் திரும்ப மாட்டார், எதிரே வந்து சொன்னால், "வச்சிரு தங்கச்சி" என்பார். "அவியளுக்குக் காது மந்தமாட்டு இருக்கு" என்று அம்மா சொன்னபோது, "ஏட்டி, யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு அலையாத" என்று அதட்டினேன். அதட்டியது அவருக்காகவா எனக்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வேன் வந்தது. பெட்ரோல் வேன். ஊருக்கு வெளியே இருந்த தீப்பெட்டி ஆபீசுக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஒருவர் அதை வாங்கி, டீசல் என்ஜின் வைத்துத் தரச் சொல்லி இவரிடம் விட்டிருந்தார். உங்கள் அம்மா அப்போது அதே ஆபீசில் தீப்பெட்டி அடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெரியவள் அவள் வயிற்றில் நாலு மாதம். திங்கட்கிழமையிலிருந்து அந்த வேனில்தான் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனை ஓட்டிப் பார்த்தோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். தெருவுக்குள் மெதுவாக உருளும்போது என் காலுக்குக் கீழே, கொஞ்சம் பின்னால், 'கீச்... கீச்... கீச்' என்று ஒரு சத்தம். மெல்லிசாக, ஆனால் சக்கரத்தோடு ஒட்டி. வேகம் கூடினால் அதுவும் வேகமாகக் கத்தியது. பிறகு என்ஜின் இரைச்சலில் அமுங்கிவிட்டது. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் அந்தக் கொட்டகையில் பல வருஷம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன். ஷாஃப்டின் நுனியில் சிலுவை மாதிரி ஒரு இரும்புத் துண்டு இருக்கும், கிராஸ் என்பார்கள். அது வறண்டு தேய்ந்தால் அப்படித்தான் கத்தும். அது ஒடிந்தால் ஓடுகிற வண்டியின் அடியில் ஷாஃப்ட் கழன்று ரோட்டில் குத்தும். குத்தினால் வண்டி குப்புறப் போகும். இதையும் எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

கொட்டகைக்கு வந்ததும் சொன்னேன். "அண்ணாச்சி, அடியில ஏதோ கத்துது."

அவர் முகம் மாறியது. "எங்கன?"

"பின்னால. கிராஸ் பக்கம். குருவி மாதிரி."

வண்டியை இரண்டு அடி முன்னாலும் பின்னாலும் உருட்டினார். 'கீச்' என்றது. கையைத் தூக்கினார். கண்ணை மூடினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி உருட்டினார். மறுபடி 'கீச்'. கண்ணைத் திறந்து வாசலில் இருந்த வேப்பமரத்தைப் பார்த்தார்.

"குருவிதான் வே. மரத்துல கெடக்கு. அதைப் போயி கிராஸுங்குதீரு."

"இல்ல அண்ணாச்சி, வண்டி நகரும்போது மட்டும்..."

"என் காதுக்குத் தெரியாதது லேபிள் அடிக்கிறவரு காதுக்குத் தெரியுதாக்கும்?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையில் இருந்த ஸ்பானரைப் பெட்டிக்குள் போட்ட விதத்தில் சிரிப்பு இல்லை.

நான் கிளம்பி வந்துவிட்டேன். குருவியாகவும் இருக்கலாம் என்று சைக்கிள் மிதித்துக்கொண்டே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மாவிடம், "நாளைக்கு ஒருநாள் லீவு போடு" என்றேன்.

"எதுக்கு?"

சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"நான் போகலேன்னா சரி. மத்தவளுவ?"

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"அவியளுக்குக் காது கேக்கலைன்னு உங்களுக்கு எப்பமே தெரியும்லா?"

"தெரியும்."

"பெறகு ஏன் சொல்லலை?" களைந்த அரிசியை உலையில் போட்டாள். "நாளைக்கு நான் ஏறத்தான் செய்வேன். நீங்க வந்து எல்லாரையும் எறங்கச் சொன்னா எறங்குதேன். எனக்கு மட்டும் சொன்னா எறங்க மாட்டேன்."

உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அந்த வாரம் கிட்டார் அவருடைய முறை. கொட்டகையில் வேனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் எடுத்து வைத்திருந்தார். அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வாசித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஆறு மாதமாகத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு துணுக்கு. அன்றைக்கு ஒரு தப்பும் இல்லாமல் வந்தது. என்னைப் பார்த்ததும், "வே! வந்துட்டு பாத்தீரா! கேளும்!" என்று மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஆம்ப்ளிஃபையர் வீறிட்டது. திருகைப் பார்த்தேன். ஒன்பதுக்குப் பக்கத்தில் இருந்தது. "ரொம்ப நல்லா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

காலையில் விடியும்போதே ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வேன் அங்கேதான் பெண்களை ஏற்றும். சுற்றிலும் அறுவடை முடிந்து பருத்திமார் பிடுங்கிய வெறும் கரிசல் காடு. மரம் கிடையாது. வேன்காரர் ஸ்டீயரிங்கில் இருந்தார். அண்ணாச்சி முதல் ஓட்டத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், ஒரு கால் படியில். பெண்கள் தூக்குவாளியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். உங்கள் அம்மா கடைசியாக ஏறினாள். ஏறும்போது என்னைப் பார்த்தாள். உட்கார்ந்த பிறகும் பார்த்தாள். வேன்காரர் கியர் போட்டார். வண்டி அசைந்தது.

'கீச்.'

நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். "வண்டியை எடுக்காதீங்க."

"என்னண்ணே, விளையாடுதீங்களா?" என்றார் வேன்காரர். "நேரமாச்சு."

"கிராஸ் கத்துது. இப்படியே போனா ஒடிஞ்சிரும்."

அண்ணாச்சி படியிலிருந்து இறங்கினார். "கத்தலை" என்றார். சத்தமாக இல்லை. "நேத்தே பாத்தாச்சு. குருவி அது."

வேன்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, "ஏளா, உங்களுக்கு எதாச்சும் கேக்குதா? சும்மா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வண்டியை மெதுவாகப் பின்னுக்குப் பத்தடி உருட்டினார்.

'கீச்... கீச்... கீச்.'

"ஆமா, குருவி மாதிரி கத்துது" என்றாள் ஒருத்தி. "சீட்டுக்கு அடியில" என்றாள் இன்னொருத்தி. "நல்லாவே கேக்குதே!" எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். உங்கள் அம்மா மட்டும் பேசவில்லை.

அவர் கையைத் தூக்கினார். பழக்கம். எல்லோரும் அமைதியானார்கள். வண்டி உருண்டது. அவர் கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், எந்த முகத்தில் சத்தம் விழுகிறது என்று. அத்தனை முகத்திலும் விழுந்தது. பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். மரம் இல்லை. கரண்ட் கம்பி ஒன்று போயிற்று, அதில் எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை.

தூக்கிய கை மெல்ல இறங்கியது. பிள்ளைகளா, அந்தக் கை இறங்கியதை என்னால் மறக்க முடியாது.

வெள்ளைச் சட்டையோடு அப்படியே மண்ணில் படுத்து வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது வலது உள்ளங்கை செங்கல் பொடியில் தோய்த்த மாதிரி சிவந்திருந்தது. வறண்ட கிராஸ் அப்படித்தான் துருப்பொடி கக்கும். அந்தக் கையை வேன்காரரிடம் காட்டினார்.

"எல்லாரையும் எறக்கும். இன்னைக்கு வண்டி போவாது. கிராஸும் பழசு, ஷாஃப்டை வெட்டி ஒட்டினதுல கோணமும் தப்பிப்போச்சு. தப்பு என்னோடது. அவரு சொன்னது சரி."

'அவரு' என்றது என்னை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

பெண்கள் ஒரு நாள் கூலி போச்சே என்று முனகிக்கொண்டு இறங்கினார்கள். அதில் ஒருத்தி, "அண்ணாச்சி, குருவியைப் புடிச்சுக் கூண்டுல போட்டுட்டுக் கூப்புடுங்க, வாரோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அவர்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் பிந்திச் சிரித்தார்.

மூன்றாம் நாள் நம் வீட்டுக்கு வந்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒன்றை அம்மாவின் கையில் வைத்தார். கழற்றின கிராஸ். அதன் ஒரு முனை எலி கடித்த மாதிரி அரித்துப் பாதியாகியிருந்தது.

"இந்தா தங்கச்சி, உங்க குருவி."

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி, "வேற போட்டாச்சு. கோணமும் சரி பண்ணியாச்சு. ஒரு நடை வந்து உக்காந்து கேட்டுச் சொல்லணும். உங்க காது நல்ல காது" என்றார். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். நானும் எழுந்தேன். "நீரு இரியும் வே" என்றார்.

அதற்குப் பிறகு எந்த வண்டிக்கு என்ஜின் மாற்றினாலும் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களில் யாராவது ஒருத்தியை உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கொடுப்பார். 'குருவி பாக்குதது' என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது. வண்டிக்காரர்களே வந்து, "குருவி பாத்தாச்சா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். தனக்குக் கேட்காது என்பதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அவர் கொட்டகையிலிருந்து போன எந்த வண்டியும் கோளாறு என்று திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. அம்மாவை எத்தனையோ தடவை குருவி பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார். என்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

கிட்டார் விஷயம் இப்படி ஆயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிட்டாரையும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியையும் முறைப்படி கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்க வரவில்லை. நானே தோளில் மாட்டிக்கொண்டு போனேன். கொட்டகையில் வேலையாக இருந்தார். எதிரே போய் நின்று, வாய் தெரிகிற மாதிரி, "உங்க மொறை அண்ணாச்சி" என்றேன்.

"உம்ம வீட்லயே இருக்கட்டும்."

"உங்க பாதி இருக்குல்லா இதுல?"

"பாதிச் சத்தம்தானெ கேக்குது எனக்கு? அந்தப் பாதியை எப்பமோ கேட்டுட்டேன். சரியாப் போச்சு." சிரித்தார். பிறகு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "நீரு எப்பத்துல இருந்து கண்டீரு?"

"திருகு ஆறுல இருக்கும்போதே, அண்ணாச்சி."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாம்" என்றார். "ஆறுல சொல்லியிருந்தா நம்ம ரெண்டு பேரோட போயிருக்கும்."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் வழியில் பார்த்தால் நின்று பேசுவார், பெரியவள் பிறந்தபோது சட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை போய்விட்டது. சில வருஷத்தில் மில்லை மூடினார்கள். கொட்டகைத் தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டு மகளோடு இருக்க வெளியூர் போனார். போகும் முன், அவரிடம் தங்கிப்போயிருந்த கிட்டார் வயரை அழகாகச் சுருட்டி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான் அச்சாபீசில் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். சாமி மாடத்தில் திரி திரிக்க வைத்திருந்த பஞ்சில் கொஞ்சம் எடுத்தேன். நம் காட்டுப் பருத்திதான். இரண்டு உருண்டை உருட்டி இரண்டு காதிலும் நன்றாக அடைத்துக்கொண்டேன். தெருச் சத்தம் போய்விட்டது. அந்த வயரைச் செருகி, திருகை ஐந்தில் வைத்து மீட்டினேன். கம்பிகள் போர்வைக்குள் வாசித்த மாதிரி இருந்தன. ஆறுக்குத் திருப்பினேன். ஏழு. எட்டு. ஒரு இடத்தில் வந்ததும் எனக்குப் பழக்கமான கிட்டார் கேட்டது. தெளிவாக, அளவாக, கூசாமல். குனிந்து பார்த்தேன். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நின்றது.

சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியைப் பிடுங்கி அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். பிறகுதான் பஞ்சை எடுத்தேன். திருகைத் திருப்பி வைக்கவில்லை.